யூரியா போட்டும் சம்பா வெளுக்கிறது: பசியா, உப்பா?

கடைமடைக்காரன் | நவம்பர் 27, இரவு 9.10

தலைஞாயிறுக்குக் கிழக்கே ஒன்பது மா நிலம் (மூன்று மா ஒரு ஏக்கர்). சி.ஆர். 1009 நெல் ரகம். நட்டு முப்பத்தெட்டு நாள் ஆகிறது. அடியுரம், இரண்டு மேலுரம் எல்லாம் சேர்த்து ஏக்கருக்கு இரண்டரை மூட்டை யூரியா உள்ளே போய்விட்டது. பயிரோ உரத்தையே கண்ணால் காணாதது போல நிற்கிறது. தூர் ஏழெட்டுக்கு மேல் கட்டவில்லை. கீழ் இலைகள் மஞ்சள். நுனி வெளுத்துக் காகிதம் போலச் சுருண்டிருக்கிறது.

பன்னிரண்டு நாளாக மழை இல்லை. எங்கள் வடிகாலின் மதகுப் பலகை உடைந்து இரண்டு வருடம் ஆகிறது. பௌர்ணமிக் கடலேற்றத்தில், கடலோடு சேரும் உப்பனாற்றின் தண்ணீர் இரண்டு இரவு வயலுக்குள் ஏறி இறங்கியது.

மண் அறிக்கை கையில் இருக்கிறது. கார அமில நிலை 8.1, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் 2.1 டெசிசைமன், தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு. நெல்லுக்கு 3 வரை தாங்கும் என்று படித்தேன். அப்படியானால் உப்பு காரணம் இல்லைதானே? உரக்கடையில் "இன்னும் அரை மூட்டை போடுங்கள், பச்சை பிடித்துவிடும்" என்கிறார்கள். பக்கத்து வயல்காரர் அம்மோனியம் சல்பேட் என்கிறார். எதைக் கேட்பது?

மண்புழு | நவம்பர் 27, இரவு 10.02

முதலில் அந்த 2.1-ஐப் பிடித்துக்கொள்கிறேன். மண் பரிசோதனைக் கூடத்தில் பல வருடம் இருந்தவன் நான். இந்த ஒரு எண்ணைத் தப்பாகப் படித்து ஏமாந்தவர்களைக் கணக்கெடுக்க முடியாது.

நீங்கள் படித்த 3 என்பது வேறு அளவு. மண்ணைக் குழைத்துக் களிபோலாக்கி, அதிலிருந்து உறிஞ்சியெடுத்த நீரில் அளப்பது அது. நம் கூடங்களில் அப்படிச் செய்வதில்லை. ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டு பங்கு நீர் ஊற்றிக் கலக்கி அளந்துவிடுகிறார்கள். உங்கள் களிமண்ணைக் குழைக்க நூறு கிராமுக்கு எழுபது மில்லி நீர் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூடத்திலோ இருநூறு மில்லி ஊற்றுகிறார்கள். உப்பு அதே உப்பு, நீர் மட்டும் மூன்று பங்கு. ஆகவே உங்கள் 2.1, புத்தகக் கணக்கில் ஏறக்குறைய 6.

நெல்லுக்கு 3 டெசிசைமனுக்கு மேல் போகும் ஒவ்வொரு டெசிசைமனுக்கும் சுமார் 12 சதவீதம் விளைச்சல் குறையும் என்பது 1977 முதல் உலகமெங்கும் புழங்கும் கணக்கு. 6 என்றால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிற்று. உப்பு காரணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கடைமடைக்காரன் | நவம்பர் 27, இரவு 10.15

ஐயா, வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டீர்கள். அப்படியே இருக்கட்டும். ஆனால் அறிக்கையில் தழைச்சத்து குறைவு என்றும் போட்டிருக்கிறதே. உப்பு இருந்தால் என்ன, உரமும் போட்டால் பயிர் கொஞ்சமாவது எடுத்துக்கொள்ளாதா?

வேரும் நீரும் | நவம்பர் 28, காலை 6.48

இதுதான் நான் தினமும் மண்டையை உடைத்துக்கொள்ளும் கேள்வி. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேர், உரத்தைத் தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சிவிடுகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வேர்ச் செல்லின் சவ்வில் ஒவ்வொரு சத்துக்கும் தனித்தனி வாசல் உண்டு. வாசலில் நிற்பவை கடத்திப் புரதங்கள். அவற்றை இயக்கக் கூலி கொடுக்கவேண்டும். செல்லுக்குள்ளிருந்து புரோட்டானை வெளியே தள்ளும் பம்பு ஒன்று சவ்வில் ஓடிக்கொண்டே இருக்கும். அந்த ஓட்டத்தால் செல்லின் உட்புறம் வெளியைவிட நூறு மில்லிவோல்ட்டுக்கும் மேல் எதிர்மின்னாக இருக்கும். எல்லா உறிஞ்சலுக்கும் அதுதான் முதலீடு.

நீங்கள் போடும் யூரியா மண்ணில் அம்மோனியமாகவும், காற்று கிடைத்தால் நைட்ரேட்டாகவும் மாறுகிறது. வேர் பெரும்பாலும் எடுப்பது இந்த இரண்டையும்தான். நைட்ரேட்டுக்கும் எதிர்மின்தான். எதிர்மின் உள்ள அறைக்குள் அது தானாகப் போகாது. இரண்டு புரோட்டான்களின் தோளில் ஏறித்தான் உள்ளே போகிறது. அம்மோனியத்துக்கு நேர்மின். ஆகவே உள்ளிருக்கும் எதிர்மின் அதை இழுத்துக்கொள்கிறது.

இப்போது உப்பு வருகிறது. உங்கள் வயலின் 6 டெசிசைமன் என்பது, பெரும்பாலும் சாப்பாட்டு உப்பு என்று கொண்டால், லிட்டருக்கு ஐம்பது அறுபது மில்லிமோல் சோடியம், அதே அளவு குளோரைடு. அதே நீரில் அம்மோனியமோ நைட்ரேட்டோ ஒன்றிரண்டு மில்லிமோல் இருந்தாலே பெரிது. சோடியம் கசிந்து உள்ளே நுழைகிறது, உட்புறத்தின் எதிர்மின் தளர்கிறது, அம்மோனியத்தை இழுத்த கயிறு தொய்கிறது. நுழைந்த சோடியத்தை வெளியே தள்ளும் புரதமும் அதே புரோட்டான் ஓட்டத்தில்தான் இயங்குகிறது. ஒரே மோட்டாரில் இரண்டு வயலுக்குத் தண்ணீர் விட்டால் எந்த வயலும் நிறையாது. வேரில் நடப்பதும் அதுதான். நைட்ரேட்டுக்குக் கூடுதலாக ஒரு தொல்லை உண்டு: அதே எதிர்மின் கொண்ட குளோரைடு வாசலில் நெரிசல் செய்கிறது.

இது ஏட்டுக் கணக்கு மட்டும் அல்ல. கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் பார்லி நாற்றுகளை வைத்து 1984-ல் செய்த சோதனையில், உப்புக் கரைசலில் நைட்ரேட் உறிஞ்சல் கடுமையாகக் குறைந்தது. அதில் அழகான விஷயம் என்னவென்றால், புதிய கடத்திகளை வேர் உருவாக்குவது ஏறக்குறைய அப்படியே நடந்தது. உருவான கடத்திகள் வேலை செய்வதில்தான் அடி. உள்ளே போய்விட்ட நைட்ரேட்டை அம்மோனியமாக மாற்றும் வேலையும் பன்னிரண்டு மணி நேரத்துக்குள் கெடவில்லை. அதாவது சமையலறை சரியாக இருக்கிறது, அரிசி மூட்டைதான் வாசலிலேயே நின்றுவிட்டது.

ஆகவே கடைக்காரர் சொல்லும் அரை மூட்டையும் வாசலில் போய் நிற்கும்.

எதிர்க்கட்சி | நவம்பர் 28, காலை 8.30

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எனக்கு இரண்டு சந்தேகம்.

ஒன்று, பார்லி இவருடைய சேற்றில் விளையாது. பார்லி 8 டெசிசைமன் வரை அசையாத பயிர், காற்றோட்டமுள்ள மண்ணில் நைட்ரேட் தின்று வளர்வது. தண்ணீர் நிற்கும் நெல் வயலில் தழைச்சத்து பெரும்பாலும் அம்மோனியமாக இருக்கிறது. குளோரைடு நெரிசல் கதையை அப்படியே தூக்கி நெல்லின் தலையில் வைக்கலாமா?

இரண்டு, இதுதான் முக்கியம். உப்பு பட்ட பயிர் குறைவாக உறிஞ்சுகிறது என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வாசல் அடைத்ததாலா, பசி குறைந்ததாலா? உப்பு பட்டவுடன் முதலில் நிற்பது இலை விரிவது. இலை விரியாவிட்டால் புரதம் எதற்கு? பயிர் சிறுத்தது, ஆகவே குறைவாகத் தின்றது. உப்புப் பட்ட பயிரின் இலையில் நைட்ரஜன் சதவீதம் அவ்வளவாகக் குறையாமல், மொத்த எடை மட்டும் குறைந்த சோதனைகள் ஏராளம். வாசல் அடைத்திருந்தால் சதவீதமும் சரிந்திருக்க வேண்டாமா?

வேரும் நீரும் | நவம்பர் 28, மதியம் 1.05

முதல் கேள்வியில் பாதி உங்கள் பக்கம். நெல்லில் அம்மோனியம்தான் பெரும்பங்கு. ஆனால் நெல்வேர் தன் காற்றுக் குழாய் வழியாக ஆக்சிஜனைக் கீழே கொண்டுபோய் வேர்ப்பரப்பில் கசியவிடுகிறது. அந்த மெல்லிய விளிம்பில் நுண்ணுயிர்கள் அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றுகின்றன, வேர் அதையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே நெல்லும் நைட்ரேட் அறியாத பயிர் அல்ல. நான் குளோரைடைச் சொன்ன வேகத்தில் சோடியத்தைச் சொல்லியிருக்கவேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டாவது கேள்வி எங்கள் துறையின் பழைய சண்டை. அதைப் பிரித்துப் பார்க்க ஒரே வழி, பயிர் சிறுப்பதற்கு முன்பே அளப்பது. அடையாளமிட்ட நைட்ரஜனைக் கொடுத்துச் சில நிமிடங்களில் வேர் எவ்வளவு எடுத்தது என்று பார்க்கலாம். நைட்ரஜன்-13 என்ற கதிரியக்க ஐசோடோப்பு இருக்கிறது. பத்து நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். அதைத் தயாரிக்கும் எந்திரத்திலிருந்து ஆய்வுக்கூடத்துக்கு ஓட்டமாக ஓடவேண்டும். அதனால்தான் பலரும் கதிர்வீசாத நைட்ரஜன்-15-ஐ எடுத்துக்கொள்கிறார்கள். பார்லிச் சோதனை நடந்ததும் சில மணி நேரத்துக்குள்தான். சில மணி நேரத்தில் பயிர் சிறுத்துவிடவில்லை. ஆகவே வாசலில் அடி விழுவது உண்மை.

மூன்று வாரம் போன பிறகு எது எவ்வளவு என்று கேட்டால், நீங்கள் சொல்லும் பசிக்குறைவின் பங்கு ஏறிக்கொண்டே போகும். அதையும் மறுக்கமாட்டேன்.

எதிர்க்கட்சி | நவம்பர் 28, மதியம் 1.40

அப்படியானால் இன்னும் வசதி. வாசல் அடைத்திருந்தாலும் யூரியா வீண், பசி இல்லாவிட்டாலும் யூரியா வீண். கடைக்காரரை எதிர்ப்பதில் நாம் ஒரே கட்சி.

உழவன் மகள் | நவம்பர் 28, மாலை 5.22

திருச்சி மணிகண்டம் பக்கம் எங்கள் நிலம். களர் மண், கார அமில நிலை 9-க்கு மேல். எங்களுக்கு ஜிப்சமும் தக்கைப்பூண்டுப் பசுந்தாளும்தான் கைகொடுத்தன. டி.ஆர்.ஒய். 3 நெல் போடுகிறோம். நீங்களும் ஜிப்சம் போடுங்கள். இன்னொன்று: உவர் நிலத்துக்கு வழக்கமானதைவிட 25 சதவீதம் கூடுதல் தழைச்சத்து என்று வேளாண் பரிந்துரையே இருக்கிறது. இங்கே எல்லோரும் யூரியா வேண்டாம் என்கிறீர்களே?

மண்புழு | நவம்பர் 28, மாலை 6.10

அம்மா, களர் வேறு, உவர் வேறு. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவது நம் ஊரில் பழைய வியாதி. உங்கள் களரில் உப்பு கரைந்து மிதப்பதில்லை, சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணைச் சிமெண்ட் ஆக்குகிறது. அங்கே ஜிப்சத்தின் கால்சியம் போய்ச் சோடியத்தைக் கழற்றவேண்டும். இவருடையது கடல் உப்பு. கரைந்து கிடக்கிறது. நல்ல தண்ணீரும் வடிகாலும் இருந்தால் போதும். ஜிப்சமும் ஒரு உப்புதான், வடிகால் இல்லாமல் அதைப் போட்டால் உப்போடு உப்பு.

களரில் யூரியா போடும் உங்களுக்கும் ஒரு எச்சரிக்கை. கார அமில நிலை 9.25-ல் அம்மோனியத்தில் சரிபாதி அம்மோனியா வாயுவாகிவிடும். பாசி படர்ந்த வயலில் உச்சிவெயில் நேரத்துத் தண்ணீர் அந்த அளவைத் தொடும். பகல் பதினொரு மணிக்குத் தேங்கிய நீரில் யூரியா வீசுகிறவர், பாதியைக் காற்றுக்கு வீசுகிறார். பயிர் எடுக்கவில்லை என்று வேரைத் திட்டிப் பயனில்லை.

25 சதவீதப் பரிந்துரை சரிதான். ஆனால் அது பருவம் முழுவதற்கும், நான்காகப் பிரித்து, வடிகால் உள்ள நிலத்தில், வழியில் வீணாவதை ஈடுகட்ட. உப்பு நீர் ஏறி இறங்கிய மறுவாரம் ஒரே மூச்சில் கொட்டுவதற்கு அல்ல. கூடுதல் யூரியாவும் முதல் நாளில் மண்நீரின் செறிவை ஏற்றத்தான் செய்யும்.

வேரும் நீரும் | நவம்பர் 28, இரவு 7.35

மண்புழு ஐயா சொன்னதற்கு ஒரு சிறு திருத்தம். கால்சியத்தை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிடக் கூடாது. அதே டேவிஸ் குழு 1986-ல் பார்லியில் காட்டியது: உப்புக் கரைசலில் கால்சியத்தைச் சேர்த்தால் நைட்ரேட் உறிஞ்சல் ஏறுகிறது. கால்சியம் சவ்வைக் கட்டிக் காக்கிறது, சோடியக் கசிவைக் குறைக்கிறது. கடல் உப்பை நல்ல நீரால் கழுவும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. கரைந்த உப்பு போய்விடும், களிமண்ணில் ஒட்டிய சோடியம் நின்றுவிடும், உவர் நிலம் களராக மாறும். கார அமில நிலை 8.1 என்பதால் இவர் அந்த எல்லைக்கு வெகுதூரத்தில் இல்லை. அறுவடைக்குப் பிறகு, அப்படி ஒட்டியிருக்கும் மாற்றுச் சோடியத்தின் அளவைப் பார்த்துவிட்டு உழவன் மகள் சொல்வதைச் செய்யலாம்.

மண்புழு | நவம்பர் 28, இரவு 7.50

திருத்தம் ஏற்கப்பட்டது. அறுவடைக்குப் பிறகு என்று சொன்னதால்.

கோடியக்கரை | நவம்பர் 28, இரவு 9.15

எல்லாரும் படித்தவர்கள். நான் ஒன்று கேட்கிறேன். தம்பி, பயிரைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

2004 சுனாமியிலும் 2018 கஜாவிலும் உப்புத் தண்ணீர் ஏறின நிலம் எங்களுடையது. இலையைப் பார்த்து உரம் போட்டவன் யாரும் பிழைக்கவில்லை. வேரைப் பார்க்கவேண்டும். நாலு குத்துப் பயிரைச் சேற்றோடு தோண்டி எடுத்து, வாளித் தண்ணீரில் அலசி, வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். புது வேர் வெள்ளையாக எத்தனை இருக்கிறது? முகர்ந்தும் பாருங்கள். சொல்லுங்கள், மீதியை அப்புறம் பேசலாம்.

கடைமடைக்காரன் | நவம்பர் 29, காலை 10.20

பார்த்தேன் ஐயா. மேட்டு மூலையில் நாலு குத்து, வடிகால் ஓரத்துப் பள்ளத்தில் நாலு குத்து எடுத்தேன். மேட்டில் வேர் காவி நிறம், நுனியில் வெள்ளை வேர் பத்துப் பன்னிரண்டு இருக்கிறது. பள்ளத்தில் எடுத்தது கருப்பு. விரலால் உருவினால் தோல் கழன்று நடுநரம்பு மட்டும் நூல்போலக் கையில் நிற்கிறது. அழுகிய முட்டை நாற்றம். வெள்ளை வேர் ஒன்றோ இரண்டோ.

பள்ளத்துப் பயிர்தான் அதிகம் வெளுத்திருக்கிறது.

கோடியக்கரை | நவம்பர் 29, காலை 11.00

அம்மோனியம் சல்பேட் வாங்கவில்லை அல்லவா? நல்லது. வாங்காதீர்கள்.

வேரும் நீரும் | நவம்பர் 29, மதியம் 12.30

பெரியவர் ஒரு வரியில் முடித்துவிட்டார், காரணத்தை நான் சொல்கிறேன். கடல் நீரில் சல்பேட் நிறைய உண்டு. காற்று இல்லாத சேற்றில் நுண்ணுயிர்கள் சல்பேட்டைச் சல்பைடாக்குகின்றன. முட்டை நாற்றம் அதுதான். கருப்பு நிறம் இரும்புச் சல்பைடு. சல்பைடு வேரின் மூச்சை அடைக்கிறது. மூச்சு இல்லாவிட்டால் நான் முன்பு சொன்ன பம்பு ஓடாது, பம்பு ஓடாவிட்டால் அம்மோனியமும் உள்ளே வராது. உங்கள் பள்ளத்தில் உப்பும் சல்பைடும் சேர்ந்து ஒரே பம்பை இரண்டு பக்கமும் அமுக்குகின்றன. அங்கே போய் மேலும் சல்பேட் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய்.

உப்பில்லாத கார நிலத்தில் அம்மோனியம் சல்பேட் நல்ல உரம். பக்கத்து வயல்காரர் தப்பான ஆள் அல்ல, தப்பான வயலுக்குச் சொல்லிவிட்டார்.

எதிர்க்கட்சி | நவம்பர் 29, மதியம் 12.50

சல்பைடு போகவேண்டுமென்றால் தண்ணீரை வடித்துக் காயவிடவேண்டும். காயவிட்டால் உப்பு செறியும், மேலே ஏறும். வடித்தால் உப்பு, வடிக்காவிட்டால் அழுகல். இதற்கு என்ன பதில்?

கோடியக்கரை | நவம்பர் 29, மதியம் 2.10

வடிக்கவேண்டும், காயவிடக் கூடாது. மழை வரும் நாளைப் பார்த்து, முதல் நாள் இரவே இருக்கிற தண்ணீரைக் கடலேற்றம் இறங்கும் நேரத்தில் திறந்துவிடுங்கள். சேறு மின்னுகிற அளவுக்கு ஈரம் இருக்கட்டும். வெடிப்பு விழவிடாதீர்கள். மழைத் தண்ணீரைப் பிடித்து நிறுத்தி, இரண்டு நாள் கழித்து மறுபடி திறந்துவிடுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை. இடையில் உரம் கிடையாது. வயலைக் கழுவும்போது உரம் போட்டால் உப்பனாற்று மீனுக்குத்தான்.

வேரும் நீரும் | நவம்பர் 29, மாலை 4.00

அந்தக் கடைசி வரிக்குப் பின்னால் வேதியியல் இருக்கிறது. நைட்ரேட்டைக் களிமண் பிடித்துவைப்பதில்லை, கழுவினால் குளோரைடோடு சேர்ந்து போய்விடும். அம்மோனியத்தைக் களிமண் பிடித்துவைக்கும் என்பார்கள். உவர் நிலத்தில் சோடியம் அந்த இடத்தைப் பறித்துக்கொண்டு அம்மோனியத்தை நீரில் தள்ளிவிடுகிறது. ஆகவே கழுவலில் அதுவும் ஓரளவு போகும். கழுவல் முடிந்து, புது வெள்ளை வேர் தெரிந்த பிறகே மேலுரம்.

வலிகாமம் | நவம்பர் 29, இரவு 8.45

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். சின்ன வெங்காயமும் மிளகாயும் செய்கிறோம். எங்கள் பிரச்சினை உங்களுடையதன் மறுபக்கம் போலத் தெரிகிறது. எங்களுக்கு ஆறு கிடையாது, சுண்ணாம்புக்கல்லில் ஊறும் கிணற்று நீரே கதி. கோடையில் இறைக்க இறைக்க நீர் சவர்படுகிறது. அதே கிணற்றில் நைட்ரேட்டும் அதிகம். இத்தனை வருடம் போட்ட பசளை (நீங்கள் உரம் என்பது) கல் இடுக்கால் இறங்கியது. குடிக்க ஆகாத அளவுக்கு நைட்ரேட் உள்ள கிணறுகள் இங்கே நிறைய. வெங்காயமோ 1.2 டெசிசைமனிலேயே சுருங்கத் தொடங்கும் பயிர். நீரிலேயே நைட்ரேட் இருந்தால் பசளையைக் குறைக்கலாமா? இல்லை, சவர் இருப்பதால் கூட்டவேண்டுமா?

வேரும் நீரும் | நவம்பர் 29, இரவு 9.30

அருமையான கேள்வி. உங்கள் நிலத்தில் காற்றோட்டம் உண்டு, ஆகவே நான் முதலில் எழுதிய குளோரைடு, நைட்ரேட் நெரிசல் உங்களுக்குத்தான் பொருந்தும். நெரிசல் இரண்டு பக்கமும் வேலை செய்யும். குளோரைடு கூடினால் நைட்ரேட் குறைவாகப் போகும், நைட்ரேட் கூடினால் குளோரைடு குறைவாகப் போகும். இஸ்ரேலில் வெண்ணெய்ப்பழம், எலுமிச்சை வகை மரங்களுக்குச் சவர்நீரோடு நைட்ரேட் கொடுத்து இலைகளில் குளோரைடு நஞ்சைக் குறைத்துக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் அது குளோரைடுக்கு மட்டும். சோடியத்தையோ, வேர் நீர் இழுக்கப் படும் பாட்டையோ நைட்ரேட் தீர்க்காது.

கணக்கு ஒன்று. லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள நீரில் நைட்ரஜன் மட்டும் 11 மில்லிகிராமுக்குச் சற்று மேல். நூறு மில்லிமீட்டர் நீர் இறைத்தால் எக்டருக்குப் பத்து லட்சம் லிட்டர், அதாவது 11 கிலோ நைட்ரஜன். பருவத்துக்கு நானூறு மில்லிமீட்டர் என்றால் 45 கிலோ. யூரியாக் கணக்கில் ஏறக்குறைய இரண்டு மூட்டை. உங்கள் கிணற்று நீரை ஒருமுறை சோதித்துவிட்டு அந்த அளவைப் பசளையில் கழியுங்கள். போடுகிற மீதியை அம்மோனியமாக மட்டும் கொடுக்காதீர்கள். கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் அம்மோனியத்தில் மட்டும் வளர்ந்த பயிர் உப்புக்கு அதிகம் பணிந்ததாகச் சோதனை உண்டு.

வலிகாமம் | நவம்பர் 29, இரவு 9.55

நன்றி. இரண்டு மூட்டையை இத்தனை காலமும் கிணற்றுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கடையில் வாங்கியிருக்கிறோம். நாளைக்கே போத்தலில் நீர் எடுத்துக் கொடுக்கிறேன்.

கடைமடைக்காரன் | நவம்பர் 30, காலை 7.15

வேர் எடுக்காது என்றால் இலை வழியாகக் கொடுக்கலாமா? 2 சதவீத யூரியா தெளிக்கிறார்களே.

மண்புழு | நவம்பர் 30, காலை 8.00

கொடுக்கலாம். ஆனால் எவ்வளவு என்று தெரிந்துகொண்டு கொடுங்கள். ஏக்கருக்கு இருநூறு லிட்டர் நீர், 2 சதவீதம் என்றால் நாலு கிலோ யூரியா. அதில் நைட்ரஜன் இரண்டு கிலோவுக்கும் குறைவு. பயிருக்குப் பருவத்தில் வேண்டியது அறுபது கிலோ. இது சாப்பாடு அல்ல, மயங்கினவனுக்குத் தெளிக்கும் சோடா. நுனி கருகிய இலையில் 2 வேண்டாம், 1 சதவீதம் போதும், மாலையில்.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். தழைச்சத்துக் குறைவு என்றால் கீழ் இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளாகும். உப்பு என்றால் நுனியிலிருந்து வெளுத்துக் கருகும். துத்தநாகக் குறைவு என்றால் இலையில் துருப்பொட்டு விழும், நடுநரம்பின் அடி வெளுக்கும். உங்களுக்கு முதல் இரண்டும் சேர்ந்திருப்பது போலத் தெரிகிறது. மூன்றாவதும் இருந்தால் கோபித்துக்கொள்ளாதீர்கள், உப்பு நிலத்தில் மூன்றும் கூட்டாளிகள்.

கடைமடைக்காரன் | டிசம்பர் 13, இரவு 8.20

இரண்டு வாரமாக எழுத நேரமில்லை. டிசம்பர் 2-ம் தேதி மழை பிடித்தது. பெரியவர் சொன்னபடி மூன்று முறை நிறுத்தித் திறந்தேன். மதகில் சாக்கு மணல் மூட்டை அடுக்கி ஏற்றத் தண்ணீரைத் தடுத்தோம். தெருவே சேர்ந்து ஒரு இரவு தூங்கவில்லை.

உப்பை அளக்கும் கையடக்க மானி ஒன்றை இரவல் வாங்கினேன். முதல் முறை திறந்தபோது வடிகிற நீர் 7.4. இரண்டாவது 4.1. மூன்றாவது 2.2. 9-ம் தேதி பள்ளத்தில் ஒரு குத்து எடுத்து அலசினேன். நாற்றம் குறைந்திருக்கிறது. கருப்பு வேருக்கு மேலே, கணுவிலிருந்து வெள்ளை வேர் இருபதுக்கு மேல் இறங்கியிருக்கிறது. பார்த்ததும் வயலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அதற்குப் பிறகுதான், மாலையில், நீரை வடித்துச் சேறாக வைத்து, ஏக்கருக்கு அரை மூட்டை போட்டு மறுநாள் தண்ணீர் கட்டினேன். நாலாம் நாள் இன்று. இலையின் பச்சையை ஒப்பிடும் வண்ண அட்டையில் ஒரு படி ஏறியிருக்கிறது.

எதிர்க்கட்சி | டிசம்பர் 13, இரவு 9.00

மகிழ்ச்சி. ஆனாலும் என் வழக்கத்தை விடமாட்டேன். மழையே பாதி வேலை செய்திருக்கும். உரம் போடாத பாத்தி ஒன்றை விட்டுவைத்தீர்களா?

கடைமடைக்காரன் | டிசம்பர் 13, இரவு 9.12

விடவில்லை. ஆனால் வேறொன்று தானாக நடந்தது. என் தம்பி கடைக்காரர் பேச்சைக் கேட்டு, மழைக்கு முன்பே, கிழக்கு ஓரத்து ஒரு மாவில் அந்த அரை மூட்டைக் கணக்கைப் போட்டுவிட்டான். எனக்கு 3-ம் தேதிதான் தெரியும். அந்த மாவும் மற்றதும் இப்போது ஒரே நிறத்தில்தான் இருக்கின்றன. அந்த மாவுக்கும் மறுபடி மேலுரம் போட்டோம்.

கடைமடைக்காரன் | பிப்ரவரி 9, காலை 11.40

அறுத்தாகிவிட்டது. நல்ல வருடத்தில் மாவுக்குப் பதினொரு மூட்டை காணும். இந்த முறை மேட்டுப் பக்கம் ஒன்பது, பள்ளத்தில் ஆறு, தம்பியின் கிழக்கு மாவில் எட்டேகால். அவன் மழைக்கு முன்பு போட்ட உரக் காசு உப்பனாற்றோடு போனது.

மண்புழு | பிப்ரவரி 9, மதியம் 12.15

பள்ளத்தில் ஆறு என்பது 45 சதவீதக் குறைவு. நவம்பரில் நான் சொன்ன கணக்கு 36. அந்தக் கணக்கு பருவம் முழுவதும் ஒரே உப்பு இருந்தால் என்பதற்கானது. நீங்கள் பாதியில் கழுவிவிட்டீர்கள், அப்படியும் அதற்குக் கீழே போயிருக்கிறது என்றால் மீதி சல்பைடின் கைவரிசை. பூக்கும் நேரத்தில் உப்பு ஏறியிருந்தால் ஆறும் கிடைத்திருக்காது.

இப்போது அறுத்த தாள் வயலில் நிற்கும்போதே பள்ளத்திலும் மேட்டிலும் தனித்தனியாக மண் எடுங்கள். இரண்டையும் கலந்துவிடாதீர்கள். மாற்றுச் சோடியத்தையும் பார்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கேட்காவிட்டால் பார்க்கமாட்டார்கள்.

உழவன் மகள் | பிப்ரவரி 9, மாலை 4.30

தக்கைப்பூண்டு விதை எங்களிடம் மிச்சம் இருக்கிறது. கோடை மழைக்கு விதைத்துப் பூக்கும் முன் மடக்கி உழுதால், கடையில் வாங்காத தழைச்சத்து. உப்பும் ஓரளவு தாங்கும். வேண்டுமானால் சொல்லுங்கள், பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன்.

கடைமடைக்காரன் | பிப்ரவரி 9, மாலை 5.05

வேண்டும் அக்கா. ஒன்பது மாவுக்கும் வேண்டும். மதகுக்குத் தேக்குப் பலகை அறுக்கக் கொடுத்திருக்கிறோம். தெருவில் வீட்டுக்கு இருநூறு ரூபாய் போட்டோம். உரக்கடைக்காரரும் இருநூறு கொடுத்தார்.